பிளாக் சுவரில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யலாம்

சாத்தூர்ப் பக்கம், கரிசல் மண். வீட்டுக்குப் பின்னால் காம்பவுண்டு சுவரும் அதை ஒட்டி ஒரு குளியலறையும் ஆறு அங்குல சாலிட் கான்கிரீட் பிளாக்கில் கட்டினோம். மூன்று மாதம் கழித்து காம்பவுண்டு சுவரின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்தது, நகம் நுழையும் அளவுக்கு. அஸ்திவாரம் இறங்கிவிட்டதோ என்று பயந்து தோண்டிப் பார்த்தால் அது அப்படியே இருந்தது. காரணம் வேறு. வேலை நடந்த நாளெல்லாம் காலையில் அடுக்கி வைத்த பிளாக்குகள் மேல் நான்தான் ஹோஸ் போட்டுத் தண்ணீர் அடித்தேன். செங்கல் வீட்டில் வளர்ந்தவனுக்கு, கட்டுவதற்கு முன் கல் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதுதானே பழக்கம்.

பிளாக்குக்கு அது ஆகாது. செங்கல் சூளையில் வெந்த மண். நனைத்தாலும் காய்ந்தாலும் பெரிதாக அசையாது, நனைக்காவிட்டால்தான் கலவையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். பிளாக் என்பது சிமெண்ட். நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். பிளாக்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2185 அனுமதிக்கும் அதிகபட்சச் சுருக்கம் 0.06 சதவீதம். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் 20 அடி நீளச் சுவருக்குக் கணக்குப் போட்டால் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. ஈரமாக வைத்துக் கட்டிய சுவர் காயும்போது அந்த மூன்றரை மில்லிமீட்டர் எங்காவது வெளியே வந்தாக வேண்டும். எங்கள் சுவரில் நடுவில் வந்தது.

அதற்கப்புறம் தெரிந்தவர்கள் வீடுகளில் நான் பார்த்த கோளாறுகளிலும் பாதிக்கு மேல் தண்ணீரில்தான் போய் முடிந்தன. கலவையில் கூடிய தண்ணீர், கல்லில் ஏறிய தண்ணீர், சுவருக்குக் கிடைக்காமல் போன தண்ணீர். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

முதலில் கலவைக் கணக்கு

ஆறு அங்குலம், எட்டு அங்குலச் சுவருக்கு 1:6, அதாவது சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு. நான்கு அங்குலத் தடுப்புச் சுவருக்கு 1:4. ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ, கன அளவில் கிட்டத்தட்ட 35 லிட்டர், அதாவது 1.25 கன அடி. 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்தில் பலகையில் ஒரு பெட்டி அடித்துக்கொண்டால் அது சரியாக ஒரு மூட்டை அளவு. அந்தப் பெட்டியில் ஆறு பெட்டி மணலுக்கு ஒரு மூட்டை. சட்டிக் கணக்கில் போட்டால் ஒரு சித்தாள் கூம்பாக அள்ளுவார், இன்னொருவர் தலைதட்டி அள்ளுவார், காலையில் போட்ட கலவையும் மாலையில் போட்ட கலவையும் வேறு வேறாகத்தான் இருக்கும். பெட்டி அடிக்க ஒரு மணி நேரம் கூட ஆகாது.

நூறு சதுர அடி ஆறு அங்குலச் சுவருக்கு 16-க்கு 8 அங்குல பிளாக் 108 வரும், உடைசலுக்குச் சேர்த்து 115 வாங்கலாம். இணைப்பை, அதாவது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வரும் கலவையை, 10 மில்லிமீட்டரில் வைத்தால் சிமெண்ட் ஒரு மூட்டைக்குள் முடிந்துவிடும். இரண்டு மூட்டை போகிறது என்றால் இணைப்பு கனமாகப் போகிறது, அல்லது கலவை கீழே விழுந்து வீணாகிறது.

கலவை கரண்டியில் நிற்காமல் வழிகிறது

தண்ணீர் கூடிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஏன் கூடியது என்று பாருங்கள். நேற்று மழை பெய்திருந்தால் மணலுக்குள்ளேயே தண்ணீர் இருக்கும், நேற்றைய வாளிக் கணக்கு இன்றைக்குப் பொருந்தாது. நன்றாகக் காய்ந்த மணலுக்கு மூட்டைக்கு 35 முதல் 40 லிட்டர் வரை போகும், ஈர மணலுக்கு அதில் நல்ல பங்கு குறையும். ஒரேயடியாக ஊற்றாமல் முக்கால் பங்கு ஊற்றிப் புரட்டிவிட்டு, மீதியைக் கை பார்த்துச் சேருங்கள்.

பதம் பார்க்க ஒரு வழி. கரண்டியில் ஒரு கை கலவை எடுத்து, லேசாக ஒரு குலுக்குக் குலுக்கி, கரண்டியைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். உடனே வழுக்கி விழுந்தால் தண்ணீர் அதிகம். முழுக்கக் கவிழ்க்கும் வரைக்கும் ஒட்டிக்கொண்டு இருந்து, கவிழ்த்த பின் ஒரே கட்டியாக மெதுவாகக் கழன்றால் அதுதான் பதம். செங்கல் கட்டும்போது கொஞ்சம் இளக்கமாகப் போடுவார்கள். பிளாக்குக்கு அதைவிட ஒரு படி இறுக்கமாக வேண்டும், ஏனென்றால் 16-க்கு 8-க்கு 6 அங்குல சாலிட் பிளாக் ஒன்று இருபது கிலோவுக்கு மேல் எடை, இளகிய கலவை அந்தப் பாரத்தைத் தாங்காமல் பிதுங்கிவிடும்.

தண்ணீராகிப்போன கலவையில் வெறும் சிமெண்டைத் தூவி இறுக்காதீர்கள். மணலும் சிமெண்டும் அதே விகிதத்தில் தனியாக உலர்வாகக் கலந்து, அதைச் சேர்த்துப் புரட்டுங்கள்.

கலவை உதிர்கிறது, கல்லில் ஒட்டமாட்டேன் என்கிறது

தண்ணீர் சரியாகவே இருக்கும், ஆனாலும் கரண்டியில் பரத்தினால் கிழிந்து கிழிந்து போகும், பக்கத்துக் கல்லுக்கு நடுவே நிற்கும் சந்தில் அப்பினால் கீழே கொட்டும். இது மணல் கோளாறு. கான்கிரீட்டுக்கு இறக்கிய எம்-சாண்டை (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) அப்படியே கட்டு வேலைக்கும் போட்டிருப்பார்கள். அதில் சிறு ஜல்லி மாதிரியான துணுக்குகள் இருக்கும், குருணையும் கூர்மையாக இருக்கும். சல்லடையில் சலித்துப் போடுங்கள், இல்லையென்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான பொடி மணல்) கலந்து பாருங்கள், கலவை கையில் வெண்ணெய் மாதிரி மாறுவது தெரியும்.

பி-சாண்டை மட்டும் போட்டுக் கட்டலாமா என்று கேட்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. ரொம்பப் பொடியாக இருந்தால் தண்ணீர் அதிகம் கேட்கும், காய்ந்தபின் சுருங்கும்.

மணலில் மண் கலந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதிக்கு மேல் மணல் போட்டு, ஒரு ஸ்பூன் உப்புக் கரைத்த தண்ணீரை முக்கால் பாட்டில் வரை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, சமமான இடத்தில் மூன்று மணி நேரம் ஆட்டாமல் வைத்துவிடுங்கள். மணல் கீழே படியும், அதன் மேல் சேறு தனிப் படலமாக நிற்கும். மணலின் உயரத்தில் சேறு எட்டு சதவீதத்துக்கு மேல் போனால் அந்த லோடைக் கட்டு வேலைக்கு எடுக்காதீர்கள். 10 செ.மீ. மணலுக்கு 8 மி.மீ. சேறு, ஸ்கேல் வைத்தாலே தெரியும். இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டிய சோதனை இது. இறக்கிய பின் பார்த்தால் வண்டிக்காரரோடு சண்டைதான் மிஞ்சும்.

ஒரு நாள் கலவை கொழுப்பாக, மறுநாள் வறட்சியாக வருகிறது

மணல் ஈரத்தில் பொங்கும். குருணைகளைச் சுற்றி ஒட்டும் தண்ணீர்ப் படலம் அவற்றை விலக்கி வைப்பதால், கொஞ்சம் ஈரமான மணல் காய்ந்த மணலைவிட 20 முதல் 30 சதவீதம் கூட இடம் அடைக்கும். நீங்கள் ஆறு பெட்டி போட்டாலும் உள்ளே இருப்பது ஐந்து பெட்டி மணல்கூட இருக்காது. சிமெண்ட் கூடினால் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். அளவுக்கு மேல் சிமெண்ட் கூடிய கலவை கல்லைவிடக் கெட்டியாகி, சுவர் சுருங்கும்போது இணைப்பில் வெடிக்காமல் கல்லையே பிளக்கும்.

ஒரு டப்பாவில் ஈர மணலைத் தளர்வாக 15 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். மணல் மூழ்கும்படித் தண்ணீர் விட்டுக் குச்சியால் கிளறிப் படியவிடுங்கள். 12 செ.மீ.க்கு இறங்கினால் 25 சதவீதம் பொங்கியிருக்கிறது என்று கணக்கு. அன்றைக்கு ஆறுக்குப் பதில் ஏழரை பெட்டி போட வேண்டும்.

கல்லை வைத்ததும் இறுகிவிடுகிறது, நூலுக்குத் தட்டிச் சேர்க்க முடியவில்லை

கத்திரி வெயிலில் இது அதிகம் வரும். வெயிலில் கிடந்த பிளாக் தொட்டால் சுடும், அதன் மேல் கலவையைப் பரத்திய உடனேயே தண்ணீரை இழுத்துவிடும். நீங்கள் அடுத்த கல்லைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் கலவையின் மேல்முகம் மங்கி, காய்ந்த மண்ணின் நிறத்துக்கு வந்துவிடும். அந்த முகத்தில் வைத்த கல் ஒட்டாது. உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

வேலை நடக்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். கல்லை வைத்து, தட்டி, அரை நிமிடம் விட்டுத் திரும்பத் தூக்குங்கள். அடிப்பக்கத்தில் கலவை முழுப் பரப்பிலும் ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தால் நல்ல கட்டு. கல் சுத்தமாக, அங்கங்கே மட்டும் மணல் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த வரி முழுக்கவே சந்தேகம்தான். முதல் தடவை நான் இதைச் செய்தபோது, பார்க்கப் பிரமாதமாக இருந்த ஒரு வரியில் நான்கு கல்லைத் தூக்கினேன், மூன்று கல் வெறும் முதுகோடு வந்தது. கொத்தனார் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அந்த வரியைப் பிரித்தார், நல்ல மனிதர்.

இதற்கு மருந்து கல்லை ஊறவைப்பது இல்லை. பிளாக்கை நிழலில் அடுக்குங்கள், தார்ப்பாய் போட்டு மூடுங்கள். கலவையை ஆறேழு கல் நீளத்துக்கு விரித்துப் போகாமல் இரண்டு கல் நீளத்துக்கு மட்டும் விரியுங்கள். அதுவும் போதவில்லை என்றால் பிரஷைத் தண்ணீரில் தொட்டு, கலவை படும் முகத்தில் மட்டும் ஒரு இழுப்பு. பிளாக் கட்டு வேலைக்கான ஐ.எஸ். 2572 சொல்வதும் இதைத்தான்: நனைக்கத் தேவையில்லை, வெயில் கடுமையாக இருந்தால் லேசாக ஈரம் காட்டலாம்.

வைத்த கல்லைப் பத்து நிமிடம் கழித்து ஆட்டாதீர்கள். நூலுக்கு வெளியே போயிருக்கிறது என்று சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளுவார்கள், கண்ணுக்கு நேராகிவிடும், உள்ளே பிடிப்பு விட்டுப்போயிருக்கும். எடுத்து, பழைய கலவையைச் சுரண்டி, புதுக் கலவை போட்டு வையுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் வேறு வழியில்லை.

கல் மிதக்கிறது, வைக்க வைக்க அமுங்குகிறது

முந்தையதற்கு நேர் எதிர். கல் ஈரமாக இருக்கிறது, அல்லது கலவை இளகியிருக்கிறது, அல்லது ஒரே நாளில் ரொம்ப உயரம் ஏற்றுகிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பிளாக்கைக் காயவிடாமல் கட்டினால் கலவை இறுகவே இறுகாது, மேலே நான்கு வரி ஏறியதும் கீழ் வரியிலிருந்து கலவை பிதுங்கி வெளியே வரும். ஒரு நாளைக்கு ஐந்து வரி, அதாவது மூன்றரை அடி உயரம் போதும். வேலையாள் சும்மா இருக்கிறாரே என்று தோன்றினால் அடுத்த சுவரை ஆரம்பியுங்கள், அதே சுவரில் ஏறாதீர்கள்.

புதிதாக வார்த்த பிளாக்கும் இப்படித்தான் படுத்தும். குறைந்தது 14 நாள் தண்ணீரில் பதப்பட்டு, அப்புறம் மூன்று நான்கு வாரம் காய்ந்த கல்தான் தன் சுருக்கத்தை முடித்திருக்கும். வாங்கும்போது வார்த்த தேதியைக் கேளுங்கள். ஓரத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளே கருஞ்சாம்பலாக, வெளியே வெளிறி இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கல்லை மோதிப் பாருங்கள், நல்ல கல் கணீரென்று கேட்கும்.

கலவை தொட்டியிலேயே இறுக ஆரம்பித்துவிட்டது

தண்ணீர் விட்ட அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அதுதான் சரியான கணக்கு. அதனால் ஒரு மூட்டையை மொத்தமாகத் தண்ணீர் விட்டுக் குழைக்காமல், உலர்வாகப் புரட்டி வைத்துக்கொண்டு அதில் கால் பங்கு கால் பங்காகத் தண்ணீர் விடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் மீந்த கலவையில் தண்ணீர் தெளித்துத் திரும்பக் குழைப்பது எல்லா வேலை இடத்திலும் நடக்கிறது. இறுக ஆரம்பித்த சிமெண்டை உடைத்துக் குழைத்தால் அது மணல்தான், சிமெண்ட் இல்லை. அதைத் தரை மட்டம் நிரப்பும் இடத்தில் கொட்டிவிடுங்கள்.

மூன்றாம் நாள் ஆணியால் கீறினால் இணைப்பு பொடியாக உதிர்கிறது

சுவர் கட்டிய மூன்றாம் நாள் ஒரு ஆணியை எடுத்து இணைப்பில் அழுத்திக் கீறுங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழ வேண்டும். தூளாகக் கொட்டினால் மூன்று காரணம் இருக்கலாம்.

முதலாவது, சிமெண்ட் பழசு. மூட்டையில் வாரமும் ஆண்டும் அச்சடித்திருக்கும், மூன்று மாதத்துக்கு மேல் போயிருந்தால் பலம் குறைந்திருக்கும். கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாக, மாவு மாதிரி வழுக்க வேண்டும், விரலால் நசுங்காத கட்டி இருந்தால் அந்த மூட்டை வேண்டாம். சிமெண்டைத் தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள்.

இரண்டாவது, விகிதம் தவறு அல்லது சரியாகப் புரட்டவில்லை. கலவையில் அங்கங்கே மணல் நிறம், அங்கங்கே சாம்பல் நிறம் தெரிந்தால் புரட்டல் போதவில்லை. தண்ணீர் விடுவதற்கு முன்பே உலர்வாக மூன்று தடவையாவது இடம் மாற்றிப் புரட்ட வேண்டும்.

மூன்றாவதுதான் வீடுகளில் அதிகம். இணைப்பு பதமாவதற்கு முன்பே காய்ந்துபோனது. சிமெண்ட் இறுகுவது காய்வதால் இல்லை, தண்ணீரோடு சேர்ந்து வினை நடப்பதால். அந்த வினை முடிவதற்குள் தண்ணீரை வெயில் கொண்டுபோய்விட்டால் இணைப்பு பாதியில் நின்றுவிடும். இங்கேதான் பிளாக் சுவருக்கு ஒரு சங்கடம். தண்ணீரே விடாவிட்டால் இணைப்பு செத்துவிடும், செங்கல் சுவருக்கு விடுகிற மாதிரி ஹோஸைப் பிடித்து அடித்தால் கல் ஊதிப் பிறகு சுருங்கும். நான் இப்போது செய்வது, கட்டிய மறுநாளிலிருந்து ஏழு நாள், காலை, மதியம், மாலை, ஸ்பிரேயரில் மெல்லிய தூவலாக, இணைப்பு கருத்துத் தெரியும் வரை மட்டும். வெயில் அதிகமென்றால் சுவர் மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிடலாம். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் பத்து நாள் பாருங்கள், அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும்.

மூன்று நாளில் உதிர்கிறது என்று தெரிந்தும் ஒன்று இரண்டு வரிதானே என்று விடாதீர்கள். மேல் இரண்டு வரியைக் கழற்ற ஒரு மணி நேரம். பூச்சு முடிந்த பின் என்றால் சுவரையே கழற்ற வேண்டும்.

சுவர் வயிறு தள்ளுகிறது, தூக்கு விலகுகிறது

பெரும்பாலும் முதல் வரியில் ஆரம்பித்த பிழை. சுவர் உட்காரும் பேஸ்மட்டம் மேடு பள்ளமாக இருந்தால் முதல் வரியில் கலவையை ஒரு பக்கம் ஒரு அங்குலம், ஒரு பக்கம் கால் அங்குலம் என்று போட்டுச் சமாளிப்பார்கள். கனமான பக்கம் அதிகம் அமுங்கும், சுவர் அந்தப் பக்கம் சாயும். டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாய்) நான்கு மூலைக்கும் மட்டம் பார்த்து, பள்ளத்தைச் சிறு ஜல்லிக் கான்கிரீட்டால் முதல் நாளே நிரப்பிவிட்டு, மறுநாள் கட்ட ஆரம்பியுங்கள். கலவை போடாமல் முதல் வரியை வெறுமனே அடுக்கிப் பார்த்தால் எங்கே வெட்டுக்கல் வரும், கதவு நிலை எங்கே நிற்கும் என்பதும் தெரிந்துவிடும்.

மூலைக் கல்லை வைத்து நூல் கட்டிய பின் கல் நூலைத் தொடக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், தொட்டால் ஒவ்வொரு கல்லும் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டே போகும், கடைசியில் சுவர் வில் மாதிரி வளைந்திருக்கும். தூக்குக்குண்டு ஒவ்வொரு வரிக்கும் மூலையில் விட்டுப் பாருங்கள். மூன்று வரிக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்பவர்கள் உண்டு. பிளாக் சுவரில் மூன்று வரி என்பது இரண்டு அடிக்கு மேல், அங்கே தெரிகிற பிழையை நாலாவது வரியில் சரிக்கட்டினால் பூச்சில்தான் கனம் ஏறும்.

நிற்கும் சந்து வழியாக வெளிச்சம் தெரிகிறது

கல்லைக் கல்லோடு முட்ட வைத்துவிட்டு மேலிருந்து கலவையைச் சந்துக்குள் திணிப்பார்கள். மேல் இரண்டு அங்குலத்துக்கு மட்டும்தான் இறங்கும், கீழே வெறுமையாக இருக்கும். பூச்சு மறைத்துவிடும், மழை மறக்காது. இருட்டிய பின் ஒருவர் டார்ச்சோடு அந்தப் பக்கம் நின்றால், நீங்கள் இந்தப் பக்கம் நின்று சந்து சந்தாகப் பார்க்கலாம். எங்கள் குளியலறைச் சுவரில் பதினேழு இடத்தில் வெளிச்சம் வந்தது.

கல்லைத் தூக்குவதற்கு முன்பே அதன் பக்கவாட்டு முகத்தில் கலவையை அப்பி, அப்புறம் வைத்துத் தள்ள வேண்டும். ஏற்கெனவே விட்டுப்போன சந்துகளைக் கம்பியால் சுரண்டி, லேசாக ஈரம் காட்டி, இறுக்கமான 1:4 கலவையை ஒரு பட்டையான குச்சியால் இரண்டு பக்கத்திலிருந்தும் திணியுங்கள். இளகிய சிமெண்ட் பாலை ஊற்றி நிரப்புவது காய்ந்தவுடன் சுருங்கி மறுபடி ஓட்டையாகும்.

வெள்ளையாக உப்புப் பூக்கிறது

தண்ணீரிலோ மணலிலோ கல்லிலோ இருக்கும் உப்பு ஈரத்தோடு வெளியே வந்து, தண்ணீர் ஆவியான இடத்தில் படிகிறது. போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறது என்றால் கலவைக்கு வேண்டாம், குடிக்கிற தண்ணீர்தான் கலவைத் தண்ணீர். பூத்ததைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து உள்ளே போய்த் திரும்ப வரும். காய்ந்த பிரஷால் தேய்த்துத் தட்டிவிடுங்கள், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு மட்டும் பட்டையாகப் பூத்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். பேஸ்மட்டத்தின் மேல் ஓதத்தடுப்புக் கான்கிரீட் போடாமல் கட்டிய சுவரில் எந்தப் பெயிண்ட்டும் அதை நிறுத்தாது.

விரிசல்

விரிசல் போகும் வழியைப் பார்த்தால் காரணம் தெரியும். அதனால் பூசி மறைக்கும் முன் முதலில் ஒரு பென்சிலால் இரண்டு முனையிலும் கோடு போட்டு, தேதி எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் அந்தக் கோட்டைத் தாண்டி வளர்கிறதா, அகலம் கூடுகிறதா என்று பாருங்கள்.

நீளச் சுவரின் நடுவில் செங்குத்தாக, கல்லையும் பிளந்துகொண்டு போகிறது: எங்களுக்கு வந்தது. காய்ந்து சுருங்கிய விரிசல். வளர்வது நின்றுவிட்டால் ஆபத்தில்லை, வெட்டி அகலமாக்கி நெகிழும் சீலன்ட் வைத்து அடைக்கலாம். காம்பவுண்டு சுவரை 20 அடிக்கு ஒரு இடத்தில் தூணோடு ஒட்டி அரை அங்குல இடைவெளி விட்டுக் கட்டியிருந்தால் வந்தே இருக்காது. இரண்டாவது தடவை அப்படித்தான் கட்டினோம், இரண்டு கோடை தாண்டிவிட்டது.

இணைப்பு வழியாகப் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது: அஸ்திவாரம் ஒரு பக்கம் அசைகிறது. சாத்தூர், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை, கரிசல் மழையில் ஊதிக் கோடையில் வெடித்துப் பிளக்கும் மண். சுவரில் எதைச் செய்தாலும் நிற்காது. மழைக்காலத்தில் மூடி, கோடையில் திறக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். ஒரு பொறியாளரை வரவழைத்து அஸ்திவாரத்தைக் காட்டுங்கள், இதில் சொந்த முயற்சி வேண்டாம்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுகிறது: ஜன்னலுக்கு மேல் போடும் கான்கிரீட் சட்டம், அதாவது லிண்டல், இரு பக்கமும் சுவர் மேல் போதிய அளவு உட்காரவில்லை. குறைந்தது ஆறு அங்குலம் உட்கார வேண்டும், எட்டு என்றால் நல்லது.

தூணும் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடு: கான்கிரீட்டும் பிளாக்கும் வெயிலுக்கு ஒரே மாதிரி அசையாது. பூசும் முன் அந்தக் கோட்டின் மேல் இரு பக்கமும் ஆறு அங்குலம் வருகிற மாதிரி கோழிவலை அடித்துப் பூச வேண்டும்.

பீமுக்குக் கீழே படுக்கைக் கோடு: கடைசி வரியை அதே நாளில் பீம் வரை முட்டக் கட்டிவிட்டார்கள். கீழே உள்ள கலவையெல்லாம் இறுகி அமர்ந்த பின் சுவர் கொஞ்சம் இறங்கும். கடைசி வரியை ஒரு வாரம் விட்டுக் கட்டுங்கள்.

ஒயர் குழாய் போன வழியிலேயே கோடு: நான்கு அங்குலச் சுவரில் உளியும் சுத்தியலும் வைத்துக் காடி வெட்டியிருப்பார்கள். வெட்டும் மெஷினில் வெட்டுங்கள். செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்கு, அதாவது நான்கு அங்குலச் சுவரில் முக்கால் அங்குலம் கூட இல்லை. அதனால் படுக்கையாக வெட்டாமல் இருப்பதே நல்லது.

பூச்சைத் தட்டினால் கும்மென்று வெற்று ஓசை

பிளாக் முகம் வழவழப்பாக இருந்தாலோ, தூசி படிந்திருந்தாலோ பூச்சு பிடிக்காது. கட்டும்போதே, இணைப்பு முழுக்க இறுகும் முன், 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி விட்டால் பூச்சுக்குப் பிடி கிடைக்கும். சுவர் கட்டி மூன்று நான்கு வாரம் காயவிட்டு, தூசியைத் தட்டி, சிமெண்ட் பாலைத் துடைப்பத்தால் விசிறி அடித்து, அது இறுகிச் சொரசொரப்பான பின் பூசுங்கள். வெற்று ஓசை கேட்கும் இடம் உள்ளங்கை அளவு என்றால் விட்டுவிடலாம், தட்டு அளவு என்றால் சதுரமாக வெட்டி எடுத்துத் திரும்பப் பூசுங்கள்.

கையால் தள்ளினால் சுவர் ஆடுகிறது

நான்கு அங்குலத்தில் கட்டிய நீளமான காம்பவுண்டு சுவரில் இதைப் பார்க்கலாம். ஒரு விரலளவு ஆடினாலும் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஆடி மாதக் காற்றில் சாயும் சுவர் இதுதான். பத்து அடிக்கு ஒரு தூண் இல்லாமல், மூன்று நான்கு அடி உயரத்துக்கு ஒரு தடவை இரண்டு 8 மி.மீ. கம்பி போட்டு மூன்று அங்குலக் கான்கிரீட் பட்டை போடாமல் நான்கு அங்குலச் சுவர் தனியாக நிற்காது. ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றால், மேல் வரிகளை இறக்கி மூன்றடியாகக் குறைத்துவிட்டு, பத்து அடிக்கு ஒரு இடத்தில் சுவரை உடைத்து, அஸ்திவாரத்திலிருந்தே கம்பி எடுத்துத் தூண் வார்த்து, இரு பக்கக் கல்லையும் அதற்குள் பிடிக்கிற மாதிரி செய்யுங்கள். தூண் இறுக ஒரு வாரமாவது விட்டு, அப்புறம் மேல் வரிகளை ஏற்றுங்கள்.